பின்னறை ஜன்னல்

இது நிஜமாகவே நடந்தது. வேங்கிக்காலில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கார்த்திகை தீபம் முடிந்தும் மழை விடவில்லை. தமிழ்செல்வி குடியிருந்த வாடகை வீட்டில் பின்னறைச் சுவர் வியர்த்துக் கொட்டியது. மூலையெல்லாம் கருப்பாகப் பூஞ்சை. கிண்ணத்தில் கல்லுப்பு வைத்தாள். சாயங்காலத்துக்குள் அது தண்ணீராகிவிட்டது. அடுப்புக்கரியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். கற்பூரம் வைத்தாள். வாடை போகவில்லை.

காரணம் அவளுக்கே தெரியும். மாமியார் ஜோதியம்மாள் வாதம் வந்து அந்த அறையில்தான் கிடந்தார். எல்லாம் படுக்கையிலேயே. அந்தத் துணிகளை மாடியில் உலர்த்தினால் தெரு என்ன நினைக்கும்? அறைக்குள்ளேயே கொடி கட்டினாள். கேட்டவர்களிடம், "அத்த ஊர்ல இருக்காங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவைத்தாள். அறையின் ஒற்றை ஜன்னல் குடிவந்த நாளிலிருந்தே திறக்காது. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் இருந்தாள்.

ஒரு மத்தியானம். கணவன் இளவரசன் வேலைக்குப் போயிருந்தான். அடுப்படியில் நின்றவளுக்குச் சத்தம் கேட்டது.

படக்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். திறக்காத ஜன்னல் விரியத் திறந்திருந்தது. யாராவது எட்டிப் பார்த்துவிடப் போகிறார்கள் என்று பதறிச் சாத்தினாள். பயம் வரவில்லை. மானம்தான் முதலில் வந்தது.

மறுநாள் மழை விட்டு வெயிலடித்தது. அறைக்குள் கொடி காலி. துணிகள் பின்பக்க மதில்மேல் வெயிலில் கிடந்தன. ஒவ்வொன்றின் ஓரமும் இழுத்துச் சரிசெய்திருந்தது. பக்கத்து மாடியிலிருந்து மணிமொழி சிரித்தாள்.

"நல்ல வெயிலுங்க இன்னிக்கு."

தமிழ்செல்விக்கு முகம் எரிந்தது. அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"யாரு அத்த வந்தது?"

ஜோதியம்மாளுக்குப் பேச்சு குழறும். "அந்தம்மா... மூச்சு முட்டுதுனு... அவங்களே தொறந்தாங்க."

"எந்தம்மா?"

கிழவியின் பார்வை மெதுவாக நகர்ந்தது. தமிழ்செல்வியின் தோளுக்குப் பின்னால் போய் நின்றது.

அடுத்த நாள் அவள் அறையிலேயே உட்கார்ந்தாள். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. அதில் ஒரு கை பதிந்தது.

ஐந்து விரல். உள்பக்கம்.

மெல்லக் கீழே வழிந்தது...

படக்.

காற்று வந்தது. காதருகே யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்...

அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்காரர் சக்கரபாணியைக் கூப்பிட்டாள். சுவர் ஓதம் என்றுதான் போனில் சொன்னாள். அவர் வந்தபோது ஜன்னல் மூடியிருந்தது. தள்ளினார். அசையவில்லை.

"இது தொறக்காதும்மா. வெளிய வந்து பாரு."

வெளியே ஜன்னல் கதவின் நாலு மூலையிலும் ஆணி. ஆணித் தலைகளின்மேல் அடித்த பெயின்ட் கீறல் விழாமல் அப்படியே இருந்தது.

"முன்ன இருந்தவங்க அடிச்சது. அவங்கம்மா இதுல படுத்துங்கெடந்தாங்க. காத்து வேணும்னு கத்துவாங்களாம். தெருவுக்குக் கேக்குதுனு அடிச்சுட்டாங்க. எங்களாண்ட எல்லாம் அம்மா ஊர்ல இருக்காங்கனே சொல்லிட்டிருந்தாங்க. செத்த அப்புறந்தான் எங்களுக்கே தெரியும்."

ஊர்ல இருக்காங்க... அவள் வாயிலிருந்து வந்த அதே சொல். தமிழ்செல்வி தலையைத் தூக்கவில்லை.

ஆணிகளை அன்றைக்கே பிடுங்கச் சொன்னாள். துணிகளைத் தன் கையாலேயே மாடிக்கு எடுத்துப்போய், எல்லாரும் பார்க்க விரித்தாள். மணிமொழி தன் மாடியில் நின்றிருந்தாள்.

"எங்க மாமியார் ஊர்ல இல்லீங்க. உள்ளதான் இருக்காங்க. பொய் சொல்லிட்டேன்."

"தெரியுங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க குடிவந்த நாளா பாக்குறேன்... தெனம் மத்தியானம் அந்த ஜன்னல்ல நின்னு என்னையப் பாத்துக் கையாட்டுவாங்களே."

ஜோதியம்மாளால் எழுந்து உட்காரக்கூட முடியாது.