கோலா சிலாங்கூரில் சொன்ன பதில்

கோலா சிலாங்கூர் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் கிள்ளான் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். சிறையில் இருக்கும் என் தம்பியைப் பார்க்கப் போகிறேன். படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குகிறோம் என்று போன தடவை அவன் சொன்னான்.

கடைத் தொலைக்காட்சியில், சிறை நெரிசலைக் குறைக்கப் புதுக் கட்டடம் கட்டப்போவதாகச் செய்தி ஓடுகிறது.

"மொதல்ல எஸ்டேட் ரோட்டப் போடச் சொல்லுங்க. திருடனுக்கு எதுக்குப் புதுக் கட்டடம்?" என்கிறார் கடைக்காரர்.

புதுத் தலையணை ஒன்றை மடியில் வைத்திருக்கும் அம்மாள் திரும்புகிறார். "அப்படிச் சொல்லாதீங்கண்ணே. எடமில்லாமத்தான் எம்மவன பரோல்ல விட்டாங்க. செம்பனத் தோட்டத்துல வேல. சாயங்காலமானா வீட்டுக்கு வந்துடுறான் லா. அவனுக்குத்தான் இந்தத் தலகாணி."

என் தம்பியின் பரோல் மனுவை இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். அந்தத் தலையணையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

"நீங்க சொல்லுங்க சார், கவர்மெண்டுக்கு ஜெயிலா முக்கியம்?" என்று கடைக்காரர் என்னைக் கேட்கிறார்.

"ரோடுதாங்க முக்கியம்," என்கிறேன்.

அம்மாளின் முகம் வாடுகிறது. அதைப் பார்த்து ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கிறது.

பேருந்து வருகிறது. ஏறி உட்கார்ந்த பிறகுதான், தம்பியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் விழிக்கிறேன்.