பேயைத் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

அம்மா பேச்சை நிறுத்திப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. சமைத்தாள், துணி துவைத்தாள், எனக்குத் தலை வாரிவிட்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை. ஒரு நாள் காலை அப்பாவுக்குக் காப்பியை வைத்துவிட்டுப் போனவள்தான், அன்றோடு சரி. அதற்கு முந்தின நாள்தான் அப்பா எனக்குக் கப்பல் டிக்கெட் வாங்கி வந்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வயது பதினொன்று, என்னை விட்டுவிடலாம். அப்பாவை நான் இன்றுவரை விடவில்லை.

அப்பா ரயில்வேயில் பிட்டர். நாங்கள் மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ரப்பர் விலை விழுந்து, ஆட்களை மூட்டை மூட்டையாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவுக்கு வேலை போகவில்லை, ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. என்னை நாகப்பட்டினத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவது, அங்கேயே வளர்ந்து அத்தை மகனைக் கட்டிக்கொள்வது என்று தாமாகவே முடிவு செய்துவிட்டார். எனக்குக் கப்பல் மேல் ஆசை பாதி, பயம் பாதி. அம்மா பேசாமல் இருந்ததுதான் முழு வேதனை. அவள் ஒரு வார்த்தை பேசாமல் நான் எப்படிக் கப்பல் ஏறுவேன் என்று இரவெல்லாம் அழுதேன்.

தண்டவாளத்து ஓரம் இருந்த முனீஸ்வரன் கோயில் பூசாரியை அப்பா அழைத்து வந்தார். அவர் அம்மா தலையைச் சுற்றி எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு, அதை மோந்து பார்த்தார்.

"ஏதோ தொத்தியிருக்கு. எங்க புடிச்சதோ அங்க கொண்டுபோய் நிறுத்து. ஒடம்பு நடுங்கும், இல்லாட்டி வாய் தொறக்கும். அந்த எடத்து மண்ணை எடுத்து மூணு சுத்து சுத்திப் போட்டா எறங்கிடும். அது வரைக்கும் புள்ளையக் கடல் தாண்டி அனுப்பாத. அதுவும் கூடவே போயிடும்."

எங்கே பிடித்தது என்று சொல்ல வேண்டியவளோ பேசமாட்டாள். அப்பா அக்கம்பக்கத்தில் விசாரித்தார். ஆளுக்கொரு பேய் சொன்னார்கள். சிலாங்கூரில் மனிதர்களைவிட அதுகள்தான் அதிகம் போலிருந்தது. அம்மா எப்போதாவது கடந்து போயிருக்கக்கூடிய மூன்று இடங்களை அப்பா பொறுக்கி எடுத்தார். சித்தப்பா ஒரு சீனத் தவுக்கேயிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளி பினாங்குக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கார் வந்தது. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்பதில்லை, உச்சிவெயிலும் போதும் என்று பூசாரி சொல்லியிருந்தார்.

புளிச்சோறும் கருவாடும் கட்டிக்கொண்டு, மண் அள்ள மூன்று சிகரெட் டின்களோடு கிளம்பினோம். நானும் அம்மாவும் பின்னால். கார் சவாரி எனக்கு அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணு மறக்காதீங்க. அங்க யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்புடக் கூடாது. அதுக்குப் பேர் தெரிஞ்சா வீடு தேடி வந்துடும். கூப்புடணும்னா கையத் தட்டுங்க" என்றார் அப்பா.

முதலாவது, ஈயம் தோண்டிய குளத்தருகே இடிந்து கிடந்த ஒரு சீனப் பணக்காரரின் மாளிகை. தூணெல்லாம் பாசி. தூக்கு மாட்டிக்கொண்ட மருமகள் ஒருத்தி மாடியில் நடக்கிறாளாம். அப்பா வாசலில் நின்று மலாயில் மன்னிப்புக் கேட்டார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, இது சீனத்தி. மலாய்ல சொன்னா வெளங்குமா?"

"செத்தப்புறம் எல்லாம் வெளங்கும்லா. நீ வாய மூடு."

அந்த நேரம் பார்த்து அம்மா தும்மினாள். இரண்டு தும்மல். அது நடுக்கத்தில் சேருமா சேராதா என்று அண்ணனும் தம்பியும் கால் மணி நேரம் வாதாடினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டின் மண் அள்ளிக்கொண்டார் அப்பா.

இரண்டாவது, காப்பார் போகும் வழியில், தோட்டத்துக்குள் பாழடைந்து கிடந்த துரை பங்களா. அங்கே இருந்தது வெள்ளைக்காரத் துரைசாணியின் பேய். அப்பா தொப்பியைக் கழற்றி, தமக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷில், "குட் மார்னிங் சார்" என்றார். பசி எடுத்ததால் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டில் கொறித்துக்கொண்டிருந்த அம்மா, அங்கே இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்பா முகம் வெளுத்தது. "இது அவ சாப்பாடு இல்லடா" என்றார் மெதுவாக.

"காத்தாட வந்தா பசிக்கும் அண்ணே."

சாப்பிடாவிட்டாலும் பேய், சாப்பிட்டாலும் பேய். எனக்குத் தலை சுற்றியது. என் பக்கத்தில் உட்கார்ந்து விரல் நக்கிக்கொண்டிருந்தது அம்மாவா, துரைசாணியா? பயந்து பயந்து அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் தன் இலையில் இருந்த கருவாட்டுத் துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள். எந்தத் துரைசாணி கருவாடு ஊட்டுவாள்? ஆனால் அம்மாவாக இருந்தால் ஏன் பேசவில்லை? அப்பா இரண்டாவது டின்னையும் நிரப்பினார்.

மூன்றாவது கிள்ளான் குன்றின் மேல் இருந்த பழைய கோட்டை. கோட்டை என்று பேர்தான். மண்மேடு, ஒரு கல்வாசல், புதர். ராஜாக்கள் சண்டையில் செத்த சிப்பாய்கள் உச்சிவெயிலில் அணி நடப்பார்கள் என்று பேச்சு. அப்பா வாசலில் குனிந்து, "தோக், சுச்சு தும்பாங் லாலு" என்றார். தாத்தா, பேரப்பிள்ளை இந்த வழியாகப் போய்க்கொள்கிறேன் என்று மலாய்க்காரர்கள் அனுமதி கேட்பது அது. பிறகு அம்மாவை வெயிலில் நிறுத்திவிட்டு, நடுங்குகிறாளா என்று உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் நடுங்கவில்லை. வியர்த்தாள்.

அப்பா மேட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி போக இடமில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எந்தப் பேயாக இருந்தாலும் அதற்கு என்மேல் இரக்கம் இருக்காது, அம்மாவுக்கு இருக்கும், அவள் உள்ளே எங்கேயோதானே இருக்கிறாள் என்று தோன்றியது. யாரும் பார்க்காத நேரத்தில் மண்மேட்டின் பின்பக்கம் சறுக்கி இறங்கி, புதர் மூடிய ஒரு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கைதட்டும் சத்தம் கேட்டது. முதலில் அப்பா, பிறகு சித்தப்பா. தட்டித் தட்டி மேட்டைச் சுற்றி ஓடினார்கள். என் தலைக்கு மேலேயே அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. "கத்திக் கூப்புடட்டா அண்ணே?" என்று சித்தப்பா கேட்க, "வேணாம்டா, வேணாம்டா" என்று அப்பா குரல் உடைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எறும்பு கடித்தது. அசையவில்லை.

அப்போது அம்மா கத்தினாள். என் பேரைச் சொல்லி, முழுப் பேரையும், செல்லப் பேரையும், அடிக்கும்போது சொல்லும் பேரையும் சேர்த்து, தொண்டை கிழியக் கத்தினாள். பத்தொன்பது நாள் பேச்சும் ஒரே மூச்சில் வந்தது போலிருந்தது. நான் பள்ளத்திலிருந்து பாய்ந்து வெளியே வந்தேன். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டவள், அப்பாவைப் பார்த்ததும் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏன் பொத்துகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"வாய் தொறந்துட்டா! எறங்கிடுச்சு!" என்று அப்பா குழந்தை மாதிரி அழுதார். மூன்றாவது டின்னில் அள்ளிய மண்ணை அம்மாவுக்கு மூன்று தடவை சுற்றிப் போட்டார். திரும்பி வரும்போது சித்தப்பா வழியெல்லாம் பாட்டுப் பாடினார். அப்பா கிள்ளானில் வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் ஐஸ் வாங்கித் தந்தார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கப்பல் என்னைக்கு?"

"வெள்ளிக்கெழம. இனிமே என்ன தடை, தாராளமா அனுப்பலாம்" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அம்மா கடைசியாக எனக்குத் தலை பின்னிவிட்டாள். தெரிந்த குடும்பம் ஒன்று என்னை அழைத்துப் போகக் காத்திருந்தது. போவதற்குள் பெருமையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அரிப்பு.

"அம்மா, அன்னைக்கு நான் காணாமப் போகல. ஒன்னையப் பேச வைக்கத்தான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

பின்னிய கை நின்றது. "ஒளிஞ்சியா?" என்றாள். "அடி பாவி மவளே. இன்னும் ஒரு வாரம் வாயக் கட்டிக்கிட்டு இருந்திருப்பேனே. நீ இல்லாமலே கப்பல் போயிருக்குமே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம்தான் வந்தது. எறும்புக் கடி வாங்கிப் பேச வைத்தவளைப் பாவி என்கிறாளே! விருட்டென்று எழுந்து, பாதிப் பின்னலோடு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஏணியில் ஏறிவிட்டேன்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தபோது கப்பல் கிளம்பி மூன்று நாள் ஆகியிருந்தது.