மெஹருன்னிசா தெருவில் இறங்கினால்

தொண்டியில் பட்டப்பகலில் மெஹருன்னிசா தெருவில் இறங்கினால் வீடுகளுக்குள் பேச்சு நின்றுவிடும். விளையாடும் பிள்ளைகளைத் தாய்மார் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவள் எந்த வாசலில் நிற்கிறாள் என்று ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பார்கள். கடந்து போய்விட்டால்தான் மூச்சு வரும். அவள் உப்பு வாங்கப் போனாலும் இதே கதைதான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. சம்பளத்துக்கு எந்த வேலையும் பார்த்ததில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால், சவூதியின் தம்மாமில் புருசன் ஹமீது கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தபோது, யாரோ எடுத்த போட்டோ அவள் போனுக்கு வந்தது. மகள் தஸ்னீமுக்குச் சோறு போட்டுக்கொண்டே திறந்து பார்த்தாள். தாயும் மகளும் சேர்ந்தேதான் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். "இனி எந்த வீட்டுக்கும் நேரா சொல்லாதீக. மொத எனக்குப் போன் பண்ணுங்க. நான் போயிச் சொல்றேன்."

அப்படிப் பதினான்கு வீடுகளுக்குப் போயிருக்கிறாள். முதலில் அந்தப் பெண்ணின் கையிலிருந்து போனை வாங்கி வைப்பாள். உட்காரவைத்துச் சொல்வாள். பிறகு சமைப்பது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது என்று ஒரு வாரம் அங்கேயே இருப்பாள்.

சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கும் தஸ்னீமுக்கு இது பிடிக்கவில்லை. "உங்களக் கண்டாலே ஊரு நடுங்குதும்மா. உருப்படியா ஒரு வேலைக்குப் போங்க. நாலு பேரோட பழகுங்க."

தோழி மூலம் ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் இடமும் பிடித்துக் கொடுத்தாள். மெஹருன்னிசா போனாள். அங்கே யாரும் அவளைப் பார்த்துப் பயப்படவில்லை. வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். அது அவளுக்கு வேண்டியிருந்தது.

கடைக்குள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாம் மாதம் ஒருநாள் சாயங்காலம் போனைத் திரும்ப வாங்கியபோது, தோஹாவிலிருந்து பதினேழு தவறிய அழைப்புகள் இருந்தன.

"காலையிலேருந்து கூப்புடுறோம் லாத்தா. காஜா நவாஸ் மவுத்தாயிட்டாரு. எவனோ போட்டோவ ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான்."

பஸ் பிடித்து, காஜா நவாஸின் வீட்டுக்குள் நுழைந்தபோது கருகல் வாடை அடித்தது. அடுப்பில் சட்டி கறுத்துக் கிடந்தது. அவன் மனைவி இஃப்ரா தரையில் உட்கார்ந்து, அந்தப் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். சிறிதாக்கினாள். மறுபடி பெரிதாக்கினாள். பக்கத்தில் மூன்று வயது மகள் அதே போல வெறும் தரையில் விரல்களை விரித்து விரித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"இது அவுக காலு இல்ல," என்றாள் இஃப்ரா. குரலில் அழுகையே இல்லை. பிறகு நிமிர்ந்தாள். மெஹருன்னிசாவைக் கண்டதும் முகம் வெளிறியது.

"மத்தியானத்துலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க வரல. அதனால பொய்யின்னு இருந்தேன் லாத்தா. ஏன் வந்தீக?"

மெஹருன்னிசா போனை வாங்கி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். மறுநாள் அவள் கடைக்குப் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை. தஸ்னீம் போனில் கோபித்தாள். இஃப்ரா சொன்னதை உம்மா சொன்னதும், வேலைப் பேச்சை அதோடு விட்டாள்.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வெளியே வந்த இஃப்ரா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஹருன்னிசாவிடம் வந்தாள். "அடுத்த வாட்டி போகயில என்னையும் கூட்டிட்டுப் போங்க."

இரண்டு மாதம் கழித்து, சிக்கல் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு இருவரும் பஸ் ஏறினார்கள்.

"விசேஷத்துக்காம்மா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"இல்ல," என்றாள் இஃப்ரா. "ஒரு வேலையாப் போறோம்."