திருகில் கட்டிய செபமாலை

1. உலகச் சண்டை முடிந்த மறு வருடம், தூத்துக்குடியில், சங்கு குளிக்கப் போய் இறந்த ஒருவரின் உடலை எங்கள் பட்டறையின் மோட்டார் லாஞ்சில் கரை சேர்த்தார்கள்.
2. மறுநாளிலிருந்து லாஞ்சுக் கழிப்பறைக்குள் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.
3. லாஞ்சு டிரைவர் அங்கிருந்த ஒரு குழாய்த் திருகில் செபமாலையைச் சுற்றிக் கட்டினார்.
4. சனிக்கிழமை, பட்டறைப் படகுகளைச் சோதிக்கும் நான், பட்டியலோடு போனேன். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன், செபமாலை கட்டிய திருகைத் தவிர. கை வரவில்லை.
5. ஞாயிறு. கடலுக்கு யாரும் போகவில்லை.

திங்கள் காலை டிரைவரையும் என்னையும் கடலில் நங்கூரமிட்டிருந்த லாஞ்சில் ஏற்றிவிட்டு வள்ளம் திரும்பிப் போய்விட்டது. காலடியில் லாஞ்சு கனத்துக் கிடந்தது. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது.

மூடிய கதவுக்குப் பின்னால், மடக், மடக்.

"கேக்குதா தங்கச்சி? தாகத்தோட போனவன்லா!" என்றார் டிரைவர். "ஒங்க பட்டியல்ல பேய்க்கு எத்தனாம் நம்பரு?"

கதவைத் திறந்தேன். உள்ளே ஆளில்லை. கழிப்பறைக் கோப்பை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அலைக்கு ஒரு முறை தண்ணீர் உள்வாங்கி, மறுபடி எழும்பியது.

அந்தக் கோப்பை கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பது. ஒரு குழாயில் கடல்நீர் உள்ளே வரும். கைப்பம்பால் அடித்து இன்னொன்றில் வெளியேற்ற வேண்டும். முடிந்ததும் திருகுகளை மூடாவிட்டால், கடலுக்கும் நமக்கும் நடுவே இருப்பது ஒரு தோல் அடைப்பு மட்டும். அது தேய்ந்திருந்தது. வேலை நாட்களில் லாஞ்சின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைத்துவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை. செபமாலை இருந்ததால் திறந்த திருகை யாரும் மூடவும் இல்லை.

முடிச்சில் கை வைத்தேன்.

"அதத் தொடாதீய!"

"அண்ணாச்சி, இதை மூடலைன்னா நாம ரெண்டு பேரும் அவருக்குத் துணைக்குப் போயிருவோம்."

 அவர் குனிந்து முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, மாலையை முத்தமிட்டு, தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். இருவருமாகத் திருகை இறுக்கினோம். வழிவது நின்றது. மதியம் வரை இறைத்தோம்.

தோல் அடைப்பை மாற்றிவிட்டேன். செபமாலை இப்போது கதவு ஆணியில் தொங்குகிறது. பிறர் கும்பிடும் பொருளாக இருந்தாலும், அனுமதி கேட்டு அதன் அடியிலும் பார்க்கிறேன்.

ஆனால் அன்று திருகை மூடி, கோப்பையைக் காயத் துடைத்த பிறகும், அந்தச் சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டது. என் பட்டியலில் டிரைவர் கேட்ட அந்தப் பேய் நம்பரின் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.