பந்த் அன்று பெண் பார்க்க வந்தார்கள்

காலை ஐந்தரை மணிக்கு அப்பா டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினார். அன்றைய நாள் கெட்டுப்போகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான். மூன்று மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று அம்மா வாசல்வரை வந்து சொன்னாள். பின்பக்கச் சந்து வழியாக எப்படியும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அப்பா நடையை எட்டிப் போட்டார். ஆறு மணிக்குப் பந்த் தொடங்கிவிடும். அதற்குள் கரமனையிலிருந்து சாலை என்று பெயருள்ள கடைவீதிக்குப் போய், கடைக்குள் நுழைந்து, ஷட்டரை இழுத்துவிட வேண்டும்.

இப்போது ஹர்த்தால் என்கிறார்கள், அப்போது பந்த். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை திருவனந்தபுரம் மொத்தமும் அடைத்துக் கிடக்கும். பேருந்து இல்லை, பள்ளி இல்லை, அலுவலகம் இல்லை. யார் எதற்காக அழைத்த பந்த் என்பதில் ஊருக்குப் பெரிய அக்கறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கோழிக்கடையில் கூட்டம் நெரியும். மறுநாள் எல்லோரும் தாமதமாக எழுந்து, கறியும் சோறும் சாப்பிட்டு, மறுபடியும் தூங்குவார்கள். எங்கள் அப்பாவுக்கு மட்டும் அது முதுகு ஒடியும் நாள். வியாபாரத் தொந்தரவு இல்லாத நாள் அது ஒன்றுதான் என்பதால், அன்றைக்குத்தான் சரக்கு வைக்கும் கிட்டங்கியைப் புரட்டிப்போட்டு மூட்டைகளை மாற்றி அடுக்க வேண்டும் என்று பெரியப்பா வழக்கம் வைத்திருந்தார். வெளியே ஷட்டர் இறங்கியிருக்கும். உள்ளே ஒற்றை பல்பின் வெளிச்சத்தில் அப்பா பருப்பு மூட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

பெரியப்பா, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சாலைக் கடைவீதியில் இருந்த அந்த மொத்தப் பலசரக்குக் கடை அவருடையது. மீசை முளைக்காத வயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து அப்பா அவரோடு வந்து சேர்ந்தார். மாதம் பிறந்தால் பெரியப்பா கொடுப்பதற்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது. வீட்டுச் செலவுக்கு என்று சொல்லித்தான் கொடுப்பார். சொந்தக்காரர்கள் நடத்தும் கடைகளில் அன்று அதுதான் முறை. சம்பளம் என்று சொன்னால் உறவு கெட்டுவிடும். சம்பளம் இல்லை என்பதால் கூட்டிக் கேட்கவும் வழியில்லை. எப்போதோ ஒரு தீபாவளிக்கு, வேட்டியை எடுத்து நீட்டும்போது, “இந்தக் கடைல உனக்கும் ஒரு பங்கு உண்டுடே” என்று பெரியப்பா சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அப்பா தன் நல்ல வயது முழுவதையும் அங்கே இறக்கி வைத்தார்.

எதிர்வீட்டில் ஒரு மலையாளிச் சேட்டன் இருந்தார். அவரும் சாலையில்தான் வேலை பார்த்தார், லாரியிலிருந்து மூட்டை இறக்கும் வேலை. யூனியன்காரர். மூட்டைக்கு இவ்வளவு என்று யூனியன் வைத்த கூலி. அதில் யாரும் பேரம் பேச முடியாது. கடைக்காரர்கள் தாங்களே சரக்கை இறக்கிக்கொண்டாலும், பக்கத்தில் நின்று பார்த்ததற்கு இவர்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். நோக்குகூலி என்பார்கள். ஓணத்துக்கு போனஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உள்ளாடையோடு வாசலில் உட்கார்ந்து பத்திரிகையை ஓர் எழுத்து விடாமல் படிப்பார். அப்பாவுக்கு அவர்மேல் இளக்காரம். என்ன இருந்தாலும் கூலிக்காரன்தானே என்பார். ஆனால் அவர் வீட்டில் நெய்மீன் வறுக்கும் மணம் எங்கள் அடுக்களைக்குள் வரும். அப்பா கொண்டுவரும் பையிலோ மூட்டையின் அடியில் தங்கிய பருப்பும், எலி கடித்ததால் விலைபோகாத மல்லியும் இருக்கும். அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, “பங்குதாரர் வந்துட்டாரு, லாபத்த எடுத்து உள்ள வைங்கட்டி” என்று அக்காவிடமும் என்னிடமும் சொல்வாள். அப்பா சிரிக்க மாட்டார்.

அப்படிக் குத்திக்காட்டிய அதே அம்மாதான், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த தரகரிடம், இவரும் கடையில் பங்குதாரர்தான் என்று சொல்லிவைத்தாள். மாப்பிள்ளைக்கு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வீடு பூஜப்புரையில். அக்காவின் போட்டோ பிடித்துவிட்டது, நேரில் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதற்காக ஒரு லீவை வீணாக்க மாப்பிள்ளைக்கு மனமில்லை. லீவை மிச்சம் பிடித்தால் பிற்பாடு காசாகும் என்பது அவர் வீட்டில் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பாடம். அந்த நேரம் பார்த்து பந்த் அறிவித்தார்கள். லீவும் போகாது, எல்லோரும் வீட்டில் இருப்போம், பொடிநடையாக வந்துவிடுகிறோம், உங்கள் வீட்டுக்காரருக்கும் அன்று கடை அடைப்புதானே என்று சொல்லியனுப்பினார்கள். முடியாது என்று அம்மா எப்படிச் சொல்வாள்? பந்த் அன்றும் வேலைக்குப் போகும் பங்குதாரரை யார் பார்த்திருக்கிறார்கள்?

முந்தின இரவு அடுக்களையில் அவர்கள் பேசியதை நானும் அக்காவும் பாயில் படுத்தபடி கேட்டோம். ஒரு நாள் லீவு கேட்டால் உங்கள் அண்ணன் தலையையா வாங்கிவிடுவார் என்றாள் அம்மா. அப்பா குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“லீவு கேக்குறவன் வேலைக்காரன். நம்ம கடைக்கு நாமளே லீவு கேப்பமா?”

அக்கா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

அப்பா சொன்ன அந்த வாக்கியம் இப்போது ஒரு மாதமாக எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் மகள் கழக்கூட்டத்தில் கணினி வேலை பார்க்கிறாள். நானும் என் கணவரும் சேர்ந்து ஒரு காலத்தில் வாங்கியதைவிட அவள் தனியாகவே அதிகம் வாங்குகிறாள். அவள் அறை வாடகையைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றும், அவளுக்குச் சுற்றாது. போன மாதம் அலுவலகத்திலேயே மயங்கி விழுந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மறு கையை நீட்டி லேப்டாப்பைக் கேட்டாள். லீவு சொல்லிவிடேன் மோளே என்றேன். இது என்னுடைய புராஜக்ட் அம்மா, நானே எப்படி லீவு சொல்வேன் என்றாள். என்னோடு வந்திருந்த அக்கா அதைக் கேட்டுவிட்டு, “அப்படியே நம்ம அப்பாவ வளத்து வச்சிருக்க” என்றாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த ஒரு நாளால்தான் ஆகவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த நாளிலிருந்துதான் ஆகாமல் போக ஆரம்பித்தது.

அன்று மூன்று மணிக்கு அப்பா வரவில்லை. நாலு மணிக்கு மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்துவிட்டார்கள். பந்த் அன்றைக்கு வெறிச்சோடிய தெருவில் நடந்து வந்ததே ஒரு சுகம் என்றார்கள். அம்மா அவர்களை உட்காரவைத்து, அவர் ஒரு சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்றாள். என்னைச் சந்து முனையில் போய் நிற்கச் சொன்னாள். நான் முனைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்ததில் பாதிப் பேச்சுதான் என் காதில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா சமீபத்தில் பணி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சேர்த்துவைத்த லீவைச் சரண்டர் செய்து வீட்டுக்கு மாடி கட்டிய கதையை ரசித்துச் சொன்னார். கரமனையில் வாடகை எப்படி, அரிசியை எங்கே வாங்குகிறீர்கள், மீன் விலையை நாகர்கோவிலோடு ஒப்பிட்டால் எப்படி என்றெல்லாம் விசாரித்தார். பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் போய் அரிசி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்கிறேனே என்று அவரே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். பிறகு அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“உங்க வீட்டுக்காரர் குடுத்துவச்சவர்மா. சொந்தக் கடை. நெனச்சா தொறக்கலாம், நெனச்சா அடைக்கலாம். நாங்க ஆயுசு முழுக்க ஒருத்தன்கிட்ட கைகட்டி லீவு கேட்டவங்க.”

அக்கா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை அவளை நன்றாகவே பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, தையல் தெரியுமா என்று கேட்டு, தலையைக்கூடத் தடவிவிட்டாள். எல்லாம் முடிந்த மாதிரிதான். அப்பா வந்து, பேசி, ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து மணி ஆயிற்று. பந்த் அன்று உறவினரைப் பார்க்க எந்த ஊருக்குப் போயிருப்பார் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். அம்மா இன்னொரு சுற்றுக் காபி போட எழுந்தாள்.

கடையில் நடந்ததை நான் வெகுகாலம் கழித்து, பாதி எதிர்வீட்டுச் சேட்டன் வாயிலிருந்தும் பாதி அம்மாவின் சண்டைகளிலிருந்தும் தெரிந்துகொண்டேன். அப்பா வாய் திறக்கவே இல்லை.

பெரியப்பா மத்தியானம் சாப்பிடப் போகும்போது பின்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எப்போதும் செய்வதுதான். இரண்டு மணிக்கு வந்துவிடுவேன் என்றவர், பந்த் நாளின் ஊர் வழக்கப்படி சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். முன்பக்க ஷட்டருக்குக் காலையிலேயே அவர் வெளியே பூட்டுப் போட்டிருந்தார். அப்பா நேரம் போகட்டும் என்று மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கத் தொடங்கியிருக்கிறார். காற்றே புகாத கிட்டங்கியில் வத்தல் நெடி ஏறித் தும்மல் வந்தது. தும்மல் நிற்கவில்லை. அந்த நேரத்தில் பந்த்காரர்களின் ஊர்வலம் கடைவீதி வழியாக வந்தது. அடைத்த கடைக்குள்ளிருந்து தும்மல் கேட்டால் யார்தான் விட்டுவிட்டுப் போவார்கள்? ஷட்டரைத் தட்டினார்கள், பிறகு உதைத்தார்கள். முதலாளியே, மரியாதையாகத் திற என்று கத்தினார்கள். கல்லை எடு என்று ஒரு குரல். தீப்பெட்டி என்று இன்னொரு குரல்.

அப்பா ஷட்டரின்மேல் வாயை வைத்து உள்ளிருந்து சொன்னாராம்:

“அடிக்காதீங்க. நான் முதலாளி இல்ல. சம்பளத்துக்கு நிக்கிறவன்.”

கூட்டத்தில் முன்னால் நின்றவர் எதிர்வீட்டுச் சேட்டன். குரலை அடையாளம் தெரிந்துகொண்டு, அண்ணாச்சியா உள்ளே என்று கேட்டார். பிறகு அப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஆறு மணிவரை இருக்க முடியாது, வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். அப்பா அழுதார் என்று சேட்டன் சொன்னார். வத்தல் நெடி என்றாள் அம்மா. எதுவானாலும், பந்த் நாளில் ஒரு தொழிலாளியை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்ற செய்தி ஊர்வலத்துக்குப் புதிய ஆவேசத்தைத் தந்தது. நாலைந்து பேர் பெரியப்பாவின் வீட்டுக்குப் போய் அவரை எழுப்பி, சாவியோடு கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

பெரியப்பா அதற்கப்புறமும் அப்பாவை வைத்துக்கொண்டார். வருஷங்கள் கழித்து அவருடைய மகன் கடையை எடுத்து நடத்தத் தொடங்கியபோது ஒரு சால்வையும் ஒரு கூடைப் பழமும் கொடுத்து அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பங்கு என்ற பேச்சை அப்பாவும் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை.

சந்து முனையில் நின்றிருந்த எனக்கு இதில் எதுவும் தெரியாது. முதலில் கோஷம் கேட்டது. பிறகு கொடிகள் தெரிந்தன. கொடிகளுக்கு நடுவே, சேட்டனின் கை தோளில் கிடக்க, அப்பா வந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கி, மூக்கு வடிந்து, சட்டை முழுக்க வத்தல் பொடி. அப்பாவை நடுவில் வைத்து இத்தனை பேர் அழைத்து வருகிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அப்பாவுக்கு இந்த ஊரில் இவ்வளவு மதிப்பா என்று நினைத்தேன். அப்பா வந்தாச்சு, அப்பா வந்தாச்சு என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். அம்மா அவர்களுக்குப் பின்னால் நின்றாள். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் மரியாதையாகத் தெருவிலேயே நின்றுவிட்டது. அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். அம்மாவின் முகம் ஏன் சட்டென்று வெளுத்தது, மாப்பிள்ளையின் அப்பா ஏன் டம்ளரைக் குனிந்து தரையில் வைத்தார், இத்தனை பேர் சூழ வந்தவரை யாருமே ஏன் உள்ளே வா என்று கூப்பிடவில்லை என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. சேட்டன் அப்பாவை முன்னால் நகர்த்தி நிறுத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி, சந்தோஷமாக, அம்மாவிடம் சொன்னார்:

“அக்கா பேடிக்க வேண்டாம். இன்னைக்கு உள்ள கூலியில ஒரு பைசா குறைக்கக் கூடாதுன்னு முதலாளிட்ட சொல்லியிருக்கு. அண்ணாச்சி இனி நம்ம ஆளாக்கும்.”