முக்கால் அக்கா சொன்னாத்தான் லீவு

எங்க அக்காவுக்கு யுனிவர்சிட்டி பசங்க வெச்ச பேரு முக்கால். அட்டெண்டன்ஸ் பார்க்குற வேலை அவளுக்கு. முக்கால்வாசி நாள் வகுப்புக்கு வரலேன்னா பரீட்சை எழுத முடியாதுன்னு ஆபீஸ் ஜன்னல்ல உக்காந்து தொண்டை கிழியக் கத்துவா. நான் அங்கேயே பஸ் ஓட்டுறேன். பஸ்ஸுக்குள்ள அவளை என்னென்ன சொல்லித் திட்டுவாங்கன்னு எனக்குத்தான் தெரியும். வீட்டுல வந்து சொன்னா, "திட்டட்டும்டா, வாய் வலிச்சா தானா நிறுத்துவாங்க"ன்னு சிரிப்பா.

ராட்சசி எல்லாம் இல்லீங்க. அவ படிக்கிறப்போ எங்கப்பா படுத்த படுக்கையாயிட்டாரு. ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தா. அட்டெண்டன்ஸ் குறைஞ்சு பரீட்சைக்கு விடல, படிப்பு அதோட போச்சு. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க ஒரு ஆள் இல்ல. அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல அவளுக்கு. அதனாலதான் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு முன்கூட்டியே மிரட்டுவா.

போன வருஷம் எந்தப் புண்ணியவானோ துணைவேந்தர் பேருல "இன்னைக்கு லீவு"ன்னு பொய்யா ஒரு மெசேஜ் கிளப்பிவிட்டான். பாதிப் பேர் சினிமாவுக்குப் போயிட்டாங்க. அத்தனை பேருக்கும் ஆப்சென்ட் விழுந்துது. அன்னையிலேர்ந்து அக்கா ஒரு சட்டம் போட்டா. "போன்ல வர்றத நம்பாதீங்க. ஸ்பீக்கர்ல என் குரல் கேட்டாத்தான் லீவு." பசங்களும் அதுக்குப் பழகிட்டாங்க.

இந்த வருஷ மழையில ஒரு நாள் மத்தியானம், ஆத்துக்கு மேல இருக்குற அணையைத் திறந்துட்டாங்கன்னு சேதி வந்துது. நிர்வாகம் தூங்கல, அதையும் சொல்லணும். வகுப்பு ரத்து, பரீட்சை தள்ளிவைப்பு, எல்லாருக்கும் அட்டெண்டன்ஸ் உண்டு, உடனே பஸ் ஏறி மேட்டுக்குப் போங்கன்னு எல்லார் போனுக்கும் தகவல் போயிடுச்சு. அக்கா மைக்கைக் கையில எடுத்தா, கரண்ட் போயிடுச்சு. சரி, மெசேஜ்தான் போயிடுச்சேன்னு மைக்கை வெச்சுட்டு, பசங்களைப் பஸ்ஸுல ஏத்த ஓடி வந்துட்டா.

கடைசி பஸ் என்னோடது. சக்கரத்துல பாதி வரைக்கும் தண்ணி. மேட்டுக்குப் போற ஆத்துப் பாலத்தை எந்நேரமும் மூடிடுவாங்க. நான் கிளப்பப் போறேன், பின் சீட்டுலேர்ந்து ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே அக்காகிட்ட வந்தா. "அக்கா, என் ரூம்மேட் வரல. கீழ்த்தள லேப்ல இருக்கா. போனை எடுக்க மாட்டேங்குறா."

"மெசேஜ் பார்க்கலியா அவ?"

"பார்த்தாக்கா. நாங்க எல்லாம் கிளம்பினப்போ அவ மட்டும் வரல. முக்கால் அக்கா இன்னும் சொல்லலியே, போய்ட்டு அப்புறம் ஆப்சென்ட் விழுந்தா என்ன பண்றதுன்னு சொன்னா."

அக்காவுக்கு முகத்துல ஈயாடல. யாருன்னு அவளுக்குத் தெரியும். காய்ச்சல்ல கிடந்து அட்டெண்டன்ஸ் கோட்டை விட்ட முதல் வருஷப் பொண்ணு. இனி அரை நாள் விட்டாலும் பரீட்சை கிடையாதுன்னு முந்தின நாள்தான் ஜன்னல்ல நிறுத்தி வெச்சு சொல்லியிருக்கா. அடுத்த நிமிஷம் தண்ணியில இறங்கிட்டா. "ஏய், உனக்கென்ன பைத்தியமா?"ன்னு கத்தினேன். திரும்பியே பார்க்கல.

பஸ் நிறைய பிள்ளைங்க. உள்ள போனவ என் கூடப் பிறந்தவ. நான் என்னய்யா பண்ணுவேன்? யாரும் இறங்கக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சத்தம் போட்டுட்டுப் பின்னாடியே ஓடினேன். வீரம் எல்லாம் இல்ல, அவளைத் தனியா விட முடியல.

கீழ்த்தளப் படியில தண்ணி சலசலன்னு இறங்கிட்டிருந்துது. கும்மிருட்டு. உள்ளேருந்து ஒரு சத்தமும் வரல. செத்துட்டாளோன்னு ஒரு நெனப்பு வந்துது. அக்கா படியிலேயே நின்னு அடிவயித்துலேர்ந்து கத்தினா. "நான் முக்கால் பேசுறேன்டி! இன்னைக்கு லீவு! லீவு!" அவ வாயால அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்ல.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டினாங்க. வெளிப்பக்கம் திறக்குற கதவு. முட்டளவுத் தண்ணி அதை அப்படியே அழுத்திப் பிடிச்சிருந்துது. ஆள் வெளியே வர வழியில்ல. நானும் அக்காவும் கைப்பிடியில தொங்கி இழுத்தோம். அசையல. "உள்ளேருந்து தள்ளுடி என் தங்கமே"ன்னு அக்கா கெஞ்சினா. நான் சாமி பேரெல்லாம் சொல்லிட்டேன். மூணாவது இழுப்புல ஒரு ஆள் நுழையுற அளவு திறந்துது. அக்கா கையை உள்ளே விட்டுத் துழாவி அவ சட்டையைப் பிடிச்சு வெளியே இழுத்துப் போட்டா.

பாலத்தைத் தாண்டுறப்போ தண்ணி தளத்தைத் தொட்டுட்டிருந்துது. மேட்டுல ஏறி நிறுத்தினப்புறம்தான் கண்ணாடியில பின்னாடி பார்த்தேன். அந்தப் பொண்ணு பல்லு கிட்டிக்க நடுங்குறா, அக்கா தன் சேலைத் தலைப்பால அவ தலையைத் துவட்டிக்கிட்டிருக்கா.

"அக்கா, நீங்க சொல்ற வரைக்கும் நான் கிளம்பல. எனக்கு அட்டெண்டன்ஸ் உண்டுல்ல?"

ஊரையே வாயால அடக்குற எங்க அக்காவுக்கு நாக்கு எழும்பல. கண்ணுல தண்ணி கொட்டுது, தலையைத் துவட்டிக்கிட்டே இருக்கா. பதில் வரலேன்னதும் அந்தப் பொண்ணு பயந்துபோய் மறுபடியும் கேட்டா.

"உண்டுல்லக்கா?"