புகார்ப் பெட்டியின் நோன்பு

எங்கள் சலவைக்கூடத்தில் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புகார்ப் பெட்டி என்றுதான் சொல்வோம், அதுவும் அவள் காதில் விழும்படியே. அவள் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் அதைப் பற்றியும் ஒரு புகார் வைத்திருந்தாள். பெட்டி என்றால் ஒரு பூட்டாவது இருக்க வேண்டாமா, தனக்கு எங்கே இருக்கிறது என்பாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அந்தக் கூடம். மேலே ஆறு மாடிகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணிகள் எல்லாம் எங்களிடம்தான் வந்து விழும். பிரிக்க வேண்டும், மெஷினில் போட வேண்டும், ஈரத்தோடு அள்ளி உலர்த்த வேண்டும், சூடான உருளையில் விட்டுத் தேய்த்து எடுத்து மடிக்க வேண்டும். பிறகு தள்ளுவண்டியில் அடுக்கி, சரிவுப் பாதையில் மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஈரத் துணி என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவளுக்குத்தான் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தலை சீவக்கூடக் கை எழாது.

அக்கா அங்கே பத்தொன்பது வருடமாக இருந்தாள். காலையில் உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிடுவாள். சோப்புத்தூள் தண்ணியாக இருக்கிறது, ஆவிக் குழாய் ஒழுகுகிறது, கையுறை கிழிந்திருக்கிறது, இந்த விளக்கு இன்னும் எத்தனை நாள் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குப் போய் நிற்பாள். அவர் புகார்ப் பதிவேட்டை எடுத்து எழுதி முடிக்கும்வரை நகரமாட்டாள். எழுதிய பக்கத்தைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். ஆனால் புதுக் கையுறை வந்தால் முதலில் கை நீட்டுவதும் நாங்கள்தான். எங்களில் ஒருத்தியும் வாயைத் திறந்ததில்லை. அதற்குத்தான் அக்கா இருக்கிறாளே என்று இருந்துவிட்டோம்.

அந்த வருடம் சாம்பல் புதனன்று அக்காவும் நானும் வேலைக்கு முன்னால் விடியற்காலைப் பூசைக்குப் போனோம். ஒரே பங்குக் கோயில்தான் எங்களுக்கு. சாமியார் நெற்றியில் சாம்பலைப் பூசிவிட்டு, ஈஸ்டர் வரைக்குமான இந்த நாற்பது நாள் தவக்காலத்தில் எதை விடுகிறீர்கள் என்பதை ஊருக்குச் சொல்லாதீர்கள் என்றார். வயிற்றை மட்டும் பட்டினி போட்டால் போதாது, உங்களுக்குள் எது கொழுத்துக் கிடக்கிறதோ அதையும் கொஞ்சம் பட்டினி போடுங்கள் என்றும் சொன்னார். எனக்கு அதில் பாதிதான் காதில் ஏறியது. தூக்கம்.

நான் கறியும் மீனும் விட்டேன். விட்டதைச் சலவைக்கூடம் முழுக்கச் சொன்னேன். யாராவது சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும், நான் இப்போ தவத்தில் இருக்கிறேன் என்று பெருமூச்சு விடுவேன். அக்காவிடம் என்ன விட்டாய் என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, இந்த வருடம் ஒன்றும் விடவில்லை என்றாள். உருளையின் ஆவியில் மத்தியானத்துக்குள் இரண்டு பேர் நெற்றிச் சாம்பலும் வியர்வையோடு வழிந்து போய்விட்டது.

அன்றிலிருந்து அக்காவின் வாய் அடங்கிவிட்டது. பேசாமல் இருந்தாள் என்றில்லை. காலை வணக்கம் சொன்னாள், என் மகளின் காய்ச்சலை விசாரித்தாள், சிரித்தாள்கூட. குறை மட்டும் வரவில்லை. முதல் வாரம் எங்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. பெட்டிக்குப் பூட்டு கிடைத்துவிட்டது என்று கேலி பேசினோம். சூப்பர்வைசர் ஒருநாள் வேண்டுமென்றே உருளைப் பக்கம் வந்து, எல்லாம் நல்லா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கு சார் என்றாள். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனார்.

வீட்டிலும் இதே கதைதான். அவள் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். இருபத்தாறு வருடமாக அவள் புலம்பலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுப் பழகியவர். பத்து நாள் சத்தமே இல்லாமல் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயந்துபோய், அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் ரத்த அழுத்தம் பார்க்க வைத்தாராம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் இன்னும் பயந்துவிட்டாராம்.

மூன்றாவது வாரத்தில் எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிற்று. கையுறை கிழிந்தது, புதிது வரவில்லை. ஆவிக் குழாய் ஒழுகிய இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு, அது நிரம்பினால் கொட்டினோம். ஆறு பேர் செய்த வேலையில் ஒருத்தி விடுப்பில் போனாள், பதிலுக்கு ஆள் அனுப்பவில்லை. அவள் பங்கும் எங்கள் தோளில் ஏறியது. எனக்கு இடுப்பு விட்டுப்போகும் போலிருந்தது. அக்கா எப்போது போய்க் கேட்பாள் என்று ஒவ்வொரு நாளும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே போய்க் கேட்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

நாலாம் நம்பர் வண்டியின் முன்சக்கரம் ஆட ஆரம்பித்ததும் அப்போதுதான். ரப்பர் தேய்ந்து, சக்கரம் ஒருபக்கமாகத் திரும்பிக்கொண்டு நின்றுவிடும். காலையில் வண்டியை எடுக்கும்போது இடது காலால் அதை ஓர் உதை விடுவேன், நேராகும், தள்ளிக்கொண்டு போவேன். தினமும் செய்ததால் அது வேலையில் ஒரு பகுதி ஆகிவிட்டது. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியவில்லை. இல்லை, பொய் சொல்லக்கூடாது. தெரிந்தது. அக்கா சொல்லட்டும் என்று இருந்தேன்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வியாழக்கிழமை, முழுச் சுமையோடு சரிவில் ஏறும்போது பாதி வழியில் சக்கரம் திரும்பிக்கொண்டது. வண்டி பின்னால் உருண்டு வந்து என் காலில் ஏறியது. இடது கால்தான். இரண்டு விரல் உடைந்துவிட்டது. மாவுக்கட்டுப் போடும்போது நான் போட்ட கூச்சல் அடித்தளம்வரை கேட்டதாம்.

திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவ்வளவுதான். அவர் கண்ணிலும் தூக்கமில்லை. பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். கடைசிப் புகார் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எழுதியது.

"வண்டி சரியில்லன்னா புகார்ப் பெட்டி சும்மா விட்டிருக்குமா? ஒரு மாசத்துக்கு மேல ஒரு வார்த்தை வரல. அப்போ வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு. நீதான் பார்த்துத் தள்ளல."

கவனக்குறைவு என்று மெமோ எழுதப் போவதாகவும், புதன்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். தாமதமாக வந்ததற்கு எனக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ இருந்தது. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான்.

நொண்டிக்கொண்டே உருளைக்குப் போனேன். வந்த ஆத்திரத்தையெல்லாம் அக்காமேல் கொட்டினேன். ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் போய் நிற்பியே, இதுக்கு ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தே, உன்னாலதான் என் பொழைப்பு போகுது என்றேன். அவள் கையில் பாதி மடித்த விரிப்பு இருந்தது. முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பார்த்தேன். பார்த்து, கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய் மாலை கோயிலில் பாவசங்கீர்த்தனம், ஒவ்வொருவராகப் போய்ச் செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லி மன்னிப்புக் கேட்பது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் என்றால் வரிசை கதவுவரை நிற்கும். நான் கட்டுப்போட்ட காலை நீட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வரிசையில் நின்றாள், நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த கால்களோடு, ஒரு மணி நேரத்துக்கு மேல். அவளுக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது வரிசையை விட்டு விலகி வெளியே போய்விட்டாள். என்னைக் கடக்கும்போது என் பக்கம் திரும்பவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன் காலை கையெழுத்துப் போடப் போனால், கண்ணாடி அறையில் எனக்கு முன்பே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"சார், நாலாம் நம்பர் வண்டி சக்கரம் மூணு வாரமா ஆடுது. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சும்மா இருந்தேன். கோயில்ல சொல்றதுக்கு முன்னால இங்க சொல்லணும்னு வந்தேன்."

ஏன் என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"இந்தத் தவக்காலம் பூரா யாரைப் பத்தியும் எதைப் பத்தியும் குறை சொல்றதில்லன்னு சாமிகிட்ட சொல்லியிருந்தேன். என் வாய் எனக்கே அலுத்துப்போச்சு சார். மக போன் பண்ணா நாலு வார்த்தை பேசிட்டு வெச்சிடுறா. குறையை எடுத்துட்டா எனக்குள்ள வேற ஏதாவது இருக்கான்னு பார்க்கணும்னு தோணுச்சு. வெளியில சொல்லக்கூடாதுன்னு வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல."

அவர் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டார். தெரிந்தும் சொல்லவில்லை என்றால் மெமோ உனக்குத்தான் வரும், தெரியுமா என்றார். தெரியும், எழுதுங்கள் என்றாள். எழுதுகிற கையோடு பதிவேட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆரம்பித்தாள். குழாய், வாளி, கையுறை, ஆள் குறைவு, விளக்கு, சரிவில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாதது. கால் மணி நேரம் சொன்னாள். குரல் ஏறவில்லை. மூட்டை இறக்குகிறவள் மாதிரி ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். அவர் எழுதினார். கடைசியில் பக்கத்தைத் திருப்பச் சொல்லிப் படித்துப் பார்த்தாள்.

பிறகு அவர் என்னிடம் திரும்பினார்.

"நீ பார்த்தியா அந்தச் சக்கரத்த?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவனிக்கல சார்" என்றேன்.

என் பெயரில் எழுதியதைக் கிழித்துப் போட்டார். அக்கா தன் மெமோவில் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருடத்தில் அவளுக்கு வந்த முதல் மெமோ. அதை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு உருளைக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் வண்டிக்குச் சக்கரம் மாற்றினார்கள்.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போக எனக்குத் தெம்பே இல்லை. கால் குத்தியது, அதைவிட அந்த இரண்டு வார்த்தை குத்தியது. நாற்பது நாளாகக் கறி மீன் தொடாத வாய் அதைச் சொன்னது. போய்க் கடைசிப் பெஞ்சில் ஒண்டிக்கொண்டேன். ஆண்டவர் பட்ட பாடுகளை வாசிக்கையில், எனக்கு அந்த மனிதனைத் தெரியவே தெரியாது என்று அவருடைய சீடரே பயந்து சொல்லுகிற இடம் வந்தது. வருடா வருடம் கேட்கிற இடம்தான். ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி இருந்தேன்.

அப்போது அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். சோப்பும் ஆவியும் கலந்த வாசனை. கண்ணை மூடிப் பெஞ்சில் சாய்ந்துகொண்டாள். அவ்வளவு களைத்த முகத்தை நான் பார்த்ததில்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அந்தச் சக்கரத்த நானும் பார்த்தேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும். தினம் காலையில நீதானே அத உதைச்சு உதைச்சு நேராக்குவ."

கண்ணீர் வந்து கட்டுப்போட்ட காலில் சொட்டியது. தெரிந்தும் ஏன் சார்கிட்ட சொல்லவில்லை என்று ஒருவழியாகக் கேட்டேன். அது உன் வாயிலிருந்து வர வேண்டியது, நான் எப்படிச் சொல்ல முடியும் என்றாள். இந்த நோன்பு முழுக்க வீணாய்ப் போய்விட்டதா அக்கா என்றேன். கொஞ்சம் யோசித்தாள். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது, ஆவிச் சத்தத்துக்கு நடுவிலும் மனதுக்குள் ஓர் அமைதி இருந்தது, அதற்குப் பிறகுதான் எதை விட வேண்டும் எதை விடக்கூடாது என்று பிரிக்கத் தெரியவில்லை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

சிலுவையை முத்தமிட எல்லோரும் எழுந்தார்கள். நாங்கள் எழுந்தபோது பெஞ்சு ஒருபக்கம் சாய்ந்து ஆடியது. அக்கா குனிந்து பார்த்தாள். பெஞ்சின் கால் ஒன்று பெயர்ந்திருந்தது. பழைய அக்காவின் முகம் ஒரு நிமிடம் திரும்பி வந்தது. யாராவது வயசானவங்க விழுந்து தொலைக்கப்போறாங்க, சாமியார்கிட்ட சொல்லணும் என்று முணுமுணுத்தாள்.

"நீ உட்காரு அக்கா. நான் சொல்றேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நகர்ந்து, ஆடாத பெஞ்சு ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டாள். வழிபாடு முடியும்வரை காத்திருந்து, நொண்டி நொண்டிச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். ஈஸ்டருக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளும்வரை நான் அங்கேயே நின்றேன். ஈஸ்டர் முடிந்ததும் கண்ணாடி அறைக்குப் போய், அந்தச் சக்கரத்தை நானும் பார்த்தேன் என்று சொல்லி அங்கும் நிற்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.